மின்கிட்டாருக்கு மரமும் பாகங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொந்தமாக ஒரு மின்கிட்டார் செய்ய நினைப்பவர்களும், கைத்தொழில் தெரிந்த ஒருவரிடம் சொல்லிச் செய்துகொள்ள விரும்புபவர்களும் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றே: உடலுக்கு எந்த மரம் போடலாம்? என் கணக்கில் அது கடைசியாக வர வேண்டிய கேள்வி. அதனால் வரிசையை இங்கே மாற்றியிருக்கிறேன். வீணையில் மெட்டு, குதிரை, பிரடை என்று சொல்வதெல்லாம் இங்கே பிரெட், பிரிட்ஜ், ட்யூனர் என்று வரும். பாகங்கள் விற்பவரிடம் அந்தப் பெயர்களைச் சொன்னால்தான் எடுத்துக் கொடுப்பார்.

முதலில் மரம் வாங்கிவிடலாமா?

வேண்டாம். முதலில் பிரிட்ஜ், பிறகு ட்யூனர், டிரஸ் ராட் (கழுத்துக்குள் புதைத்து அதன் வளைவைத் திருத்தும் கம்பி), பிக்கப் (தந்தியின் அசைவை உணரும் காந்தச் சுருள்), ஸ்விட்ச் எல்லாம் வாங்கி மேசைமேல் பரப்பிவையுங்கள். அவை கைக்கு வந்த பிறகுதான் மரத்தில் ரம்பம் வைக்க வேண்டும். இணையத்தில் கிடைக்கும் வரைபடம் ஒரு பிரிட்ஜைக் காட்டும். பெட்டியில் வருவது வேறாக இருக்கும். மரத்தில் தவறாகப் போட்ட துளையை அடைக்கலாம், ஆனால் அது அடைத்த துளையாகவே இருக்கும்.

ஸ்கேல் நீளம் என்றால் என்ன? எதை எடுப்பது?

நட்டிலிருந்து, அதாவது தலைப்பக்கம் தந்திகள் தங்கும் சிறு குறுக்குக்கட்டையிலிருந்து, 12ஆம் பிரெட் வரை உள்ள தூரத்தின் இருமடங்கு. ஃபெண்டர் நிறுவனத்தின் கிட்டார்களில் இது 25.5 அங்குலம், அதாவது 648 மி.மீ. இன்னொரு பெரிய நிறுவனமான கிப்சனில் வழக்கமாகச் சொல்லப்படுவது 24.75 அங்குலம். ஒரே தந்தியை ஒரே சுருதிக்கு ஏற்றினால், குறுகிய ஸ்கேலில் இழுவிசை சுமார் 6 சதவீதம் குறையும். தந்தி சற்று மென்மையாக வளையும். மேல் பிரெட்கள் நெருக்கமாக வரும். கை சிறியதாக இருந்தால் குறுகியது வசதி. சுருதியை இறக்கி வாசிப்பவர்களுக்கு நீளமானதே நல்லது, இல்லாவிட்டால் தடித்த தந்தி தொய்ந்து அடிக்கும்.

பிரெட் இடைவெளிக் கணக்கு எளிது. ஸ்கேலை 17.817ஆல் வகுத்தால் முதல் பிரெட்டின் தூரம் கிடைக்கும். மீதியை மறுபடி அதே எண்ணால் வகுக்க அடுத்தது. 648 மி.மீ. ஸ்கேலில் முதல் பிரெட் 36.37 மி.மீ.இல் விழும். ஆனால் ஒரு பிரெட்டிலிருந்து அடுத்ததை அளந்து கோடு போடாதீர்கள். பென்சிலின் பிழை ஒவ்வொரு படியிலும் கூடிக்கொண்டே போகும். எல்லாத் தூரங்களையும் நட்டிலிருந்தே அளந்து குறியுங்கள்.

பிரிட்ஜில் எதைப் பார்ப்பது?

தந்திகளின் மொத்த அகலத்தை. ஃபெண்டரின் பெயர்பெற்ற மாடலான ஸ்ட்ராடோகாஸ்டரின் பழைய பாணிப் பிரிட்ஜில் முதல் தந்திக்கும் ஆறாவதற்கும் இடையே சுமார் 56 மி.மீ.; புதிய இரண்டு தூண் வகையில் சுமார் 52.5 மி.மீ. மூன்றரை மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். என் இரண்டாவது கிட்டாரில் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. குறுகிய பிரிட்ஜுக்கு ஏற்றபடி கழுத்தை இழைத்துவிட்டு, கைவசம் இருந்த அகலமானதைப் பொருத்தினேன். பதினைந்தாவது பிரெட்டுக்கு மேல் வாசிக்கும்போதெல்லாம் மெல்லிய முதல் தந்தி விரற்பலகையின் விளிம்பிலிருந்து நழுவி விழும். தோழி ஒருத்தி அதை வாசித்துப் பார்த்துவிட்டு, "இது கிட்டாரா, சறுக்குமரமா?" என்று கேட்டாள்.

அடுத்தது உயரம். ஃபெண்டர் வகைப் பிரிட்ஜ் தாழ்வானது. 25 மி.மீ. தடித்த கழுத்தின் அடிப்பகுதியை 16 மி.மீ. ஆழக் குழியில் நேராக வைத்தாலே தந்தி சரியான உயரத்தில் வந்துவிடும். கிப்சன் வகை டியூன்-ஓ-மேட்டிக் உயரமானது. அதற்குக் கழுத்தைச் சில பாகை பின்னால் சாய்த்துப் பொருத்த வேண்டும், அல்லது பிரிட்ஜை உடலுக்குள் இறக்க வேண்டும். இதை உடல் வெட்டிய பிறகு கண்டுபிடிப்பவர்கள் நிறையப் பேர்.

முதல் கிட்டாருக்கு அசையாத பிரிட்ஜ் போதும். ஃபிளாய்ட் ரோஸ் போன்ற மிதக்கும் வகையை இரண்டாவதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கழுத்துக்கு எந்த மரம்?

இங்கேதான் மரம் உண்மையாகவே முக்கியம். 10-46 தந்தித் தொகுதியைச் (தடிப்பு 0.010 முதல் 0.046 அங்குலம்) சாதாரணச் சுருதிக்கு ஏற்றினால் மொத்த இழுவை ஏறக்குறைய 47 கிலோ. இரண்டு விரல் தடிப்புகூட இல்லாத ஒரு கட்டை, அந்த இழுவையை இரவும் பகலும் ஆண்டுக்கணக்கில் தாங்க வேண்டும். காற்று ஈரமானாலும் காய்ந்தாலும் முறுக்கிக்கொள்ளக் கூடாது. ஃபெண்டர் வழக்கப்படி கடின மேப்பிள். கிப்சன் வழக்கப்படி மகாகனி. மேப்பிள் விறைப்பானது, கனமானது. மகாகனி இலேசானது, இழைக்க இதமானது, அடிபட்டால் சீக்கிரம் உடையும். இரண்டு மூன்று பட்டைகளை நிற்கவைத்து ஒட்டிச் செய்யும் கழுத்து, பார்க்க ஆடம்பரமாக இருந்தாலும் உள்ளே ஒரு நியாயம் உண்டு: ஒரு பட்டை ஒரு பக்கம் வளையப் பார்த்தால் மற்றது பிடித்து நிறுத்தும்.

வறுத்த மேப்பிள் என்று ஒன்று இப்போது பரவலாகக் கிடைக்கிறது. ஆக்சிஜன் குறைந்த சூளையில் சூடேற்றியது. நிறம் கருப்பட்டிபோல் ஆகிவிடும். ஈரத்துக்கு அவ்வளவாக அசைவதில்லை. ஆனால் நொறுங்கும் தன்மை கூடிவிடும். திருகுத் துளையைச் சற்றுத் தாராளமாகப் போடாவிட்டால் வெடித்துவிடும்.

நல்ல பலகை என்று கடையிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது?

பலகையின் முகத்தைப் பார்த்து மயங்காதீர்கள். வெட்டுமுனையைப் பாருங்கள். அங்கே வளையக் கோடுகள் பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக நின்றால் அது ஆரவெட்டுப் பலகை, படுத்திருந்தால் தட்டைவெட்டு. மரம் அகலவாக்கில்தான் சுருங்கி விரியும், நீளவாக்கில் அனேகமாக அசையாது. அந்த அகல அசைவும் வளையக் கோட்டோடு ஓடும் திசையில்தான் அதிகம். அதற்குக் குறுக்கான திசையில் சுமார் பாதிதான். அதனால் கழுத்துக்கு ஆரவெட்டை விரும்புகிறார்கள். தட்டைவெட்டு மேப்பிள் கழுத்துகள் கோடிக்கணக்கான மணி நேரம் வாசிக்கப்பட்டிருக்கின்றன என்பதையும் மறக்க வேண்டாம். நேரான நார் உள்ள தட்டைவெட்டு, கோணல் நார் உள்ள ஆரவெட்டைவிட மேல்.

நார் நேராக ஓடுகிறதா என்று பார்க்க ஒரு பழைய வழி இருக்கிறது. பலகையின் பக்கவாட்டில் ஒரு கை அகலம் இழைத்துச் சுத்தமாக்கி, மைப்பேனாவால் ஒரு சொட்டு மை வையுங்கள். சில நொடிகள் ஒன்றும் நடக்காது. பிறகு சொட்டின் இரு பக்கமும் மெல்லிய கோடுகள் எறும்பு வரிசைபோல் கிளம்பும். மரத்தின் குழாய்கள் மையை இழுத்துக்கொண்டு போகும் வழி அது. அந்தக் கோடு பலகையின் விளிம்போடு இணையாகப் போனால் வாங்கலாம். சில அங்குலத்துக்குள் விளிம்பைத் தாண்டி ஓடினால், கழுத்தாகச் செதுக்கிய பிறகு அங்கேதான் விரிசல் விடும்.

முறுக்கம் இருக்கிறதா என்பதற்கு நேரான இரண்டு குச்சிகள் போதும். ஒன்றைப் பலகையின் இந்த முனையிலும் மற்றொன்றை அந்த முனையிலும் குறுக்கே வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பலகை மட்டத்தில் குனிந்து பாருங்கள். இரண்டின் மேல்விளிம்பும் ஒன்றாக ஒடுங்க வேண்டும். ஒன்று தலைசாய்த்து நின்றால் அந்தப் பலகையை விட்டுவிடுங்கள். கணு, வெளிறு, முனை வெடிப்பு பற்றியெல்லாம் மரம் வாங்கிப் பழகியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"நன்றாகக் காய்ந்த மரம்" என்று சொல்லித் தந்தார்கள். உடனே அறுக்கலாமா?

என் முதல் கழுத்தை அப்படித்தான் அறுத்தேன். சனிக்கிழமை வாங்கி, ஞாயிற்றுக்கிழமைக்குள் இழைத்து, டிரஸ் ராட் காடியும் வெட்டி முடித்துவிட்டேன். புதன்கிழமை எடுத்துப் பார்த்தால் தலைப்பக்கம் ஒரு புறம் தூக்கிக்கொண்டு, பிழிந்த துணிபோல நின்றது. முறுக்கத்தை டிரஸ் ராட் திருத்தாது. அது முன்பின் வளைவை மட்டுமே திருத்தும்.

பலகைக்குள் அழுத்தம் அடைந்திருக்கும். வெளிப்புறத்தை நீக்கியதும் அது விடுபட்டு மரம் புது உருவம் எடுக்கும். ஆகவே வேண்டிய அளவைவிட 5 மி.மீ. அதிகமாக வைத்து அறுத்து, காற்று எல்லாப் பக்கமும் படும்படி சிறு குச்சிகளின்மேல் அடுக்கி, கிட்டார் இருக்கப்போகும் அறையிலேயே வைத்துவிடுங்கள். கிட்டார் மரத்துக்கு 6 முதல் 8 சதவீத ஈரம் என்று சொல்வார்கள். ஈரமானி இல்லையென்றால் சமையலறைத் தராசு போதும். வாரம் ஒருமுறை நிறுத்து, எடையைப் பலகையிலேயே பென்சிலால் எழுதுங்கள். நான்கு வாரம் தொடர்ந்து ஒரே எண் வந்தால் மரம் அறையோடு சமாதானமாகிவிட்டது. பிறகு இன்னும் கொஞ்சம் இழைத்து, மறுபடி இரண்டு வாரம். பொறுமை இல்லாதவர்கள் இந்தக் காலத்தில் உடலைச் செய்யலாம்.

தலைப்பகுதி நேராகவா, சாய்வாகவா?

நேரான தலைக்கு ஓர் அங்குலப் பலகை போதும். மெல்லிய தந்திகளை அழுத்திப் பிடிக்கச் சிறு கொக்கிகள் தேவைப்படும். சாய்வான தலையை ஒரே கட்டையில் செதுக்கினால், நட்டுக்குப் பின்னால் நார்கள் குறுக்கே அறுபட்டுத் துண்டு துண்டாக நிற்கும். மகாகனிக் கழுத்துள்ள கிட்டார்கள் கீழே விழுந்தால் பெரும்பாலும் உடைவது அங்கேதான். பலகையைச் சாய்வாக அறுத்து, துண்டைத் திருப்பி ஒட்டும் சாய்மூட்டு அதைவிட வலுவானது, மரமும் மிச்சமாகும். ஒட்டுக்கோடு தெரிவது அவமானம் இல்லை.

டிரஸ் ராட் எது வாங்குவது?

இருபுறமும் வளைக்கக்கூடியது. வாங்கியதை அளந்து, அது ஆடாமல் உட்காரும் அளவுக்குக் காடி வெட்டுங்கள். தளர்ந்தால் வாசிக்கும்போது உள்ளே கிலுகிலுக்கும்.

விரற்பலகைக்குக் கருங்காலியா, ஈட்டியா (ரோஸ்வுட்), மேப்பிளா?

கையில் படும் உணர்வையும் பார்வையையும் வைத்து முடிவு செய்யுங்கள். ஈட்டிக்கும் கருங்காலிக்கும் பூச்சு வேண்டாம். எப்போதாவது சிறிது எண்ணெய் போதும். கருங்காலி வழவழப்பானது, ஆனால் உலர்ந்த காற்றில் பிளக்கும் சுபாவம் உண்டு. மேப்பிளுக்குக் கட்டாயம் பூச்சு வேண்டும். இல்லாவிட்டால் சில மாதங்களில் விரல் அழுக்கு ஏறிச் சாம்பல் திட்டுகள் நிரந்தரமாகிவிடும். எனக்கு ஈட்டி பிடிக்கும், அறுக்கும்போது வரும் வாசனைக்காகவே. அந்தத் தூள் பலருக்குத் தோல் அரிப்பையும் மூச்சுத் தொல்லையையும் தரும், முகக்கவசம் இல்லாமல் தொடாதீர்கள்.

பலகையின் வளைவு ஆரமும் இங்கேயே முடிவாக வேண்டும். பழைய ஃபெண்டர் ஆரமான 7.25 அங்குலத்தில் மேல் பிரெட்களில் தந்தியை வளைத்தால், தந்திகளின் உயரத்தைத் தாழ்வாக வைத்திருக்கும் பட்சத்தில் ஒலி அடைத்துப்போகும். 12 அங்குலத்தில் அந்தச் சிக்கல் மிகக் குறைவு.

ரோஸ்வுட்டுக்குத் தடை என்கிறார்களே?

வாங்குவதற்குத் தடை இல்லை; எல்லை தாண்டுவதற்குத்தான் கட்டுப்பாடு. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கை, பிரேசில் ரோஸ்வுட்டை 1992இல் மிகக் கடுமையான முதல் பட்டியலில் சேர்த்தது. 2017 ஜனவரியில் ரோஸ்வுட்களின் பேரினமான டால்பெர்ஜியா முழுவதும், அதாவது ஈட்டி உட்பட, இரண்டாம் பட்டியலுக்கு வந்தது. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 இறுதியில் விலக்கு கிடைத்தது. பிரேசில் ரோஸ்வுட்டுக்கு அந்த விலக்கு இல்லை. வெறும் பலகையாக வேறு நாட்டிலிருந்து தருவித்தால் தாள்களைக் கேட்டு வாங்குங்கள்.

பிரெட் கம்பி?

நடுத்தர அகலம், நல்ல உயரம். நிக்கல் சில்வர் என்று பெயர், அதில் வெள்ளி துளியும் கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகம்தான். துருப்பிடிக்காத எஃகு தேயாது, ஆனால் உங்கள் அரத்தைத் தேய்த்துவிடும். முதல் முறைக்கு நிக்கல் சில்வர்.

உடல் மரம் ஒலியை மாற்றுமா, மாற்றாதா?

இதற்குப் பதில் சொல்லி நட்பை இழந்தவர்கள் உண்டு. பிக்கப் என்பது காந்தமும் செம்புக்கம்பிச் சுருளும். அது எஃகுத் தந்தியின் அசைவை உணர்கிறது. மரத்தின் ஒலியை ஒலிவாங்கிபோல் கேட்பதில்லை. மரம் தலையிடுவது வேறு வழியில்: தந்தியின் ஆற்றலில் எவ்வளவை, எந்தச் சுருதியில் உறிஞ்சுகிறது என்பதில். அந்த உறிஞ்சல் பெரும்பாலும் கழுத்தில் நடக்கிறது, ஏனென்றால் வளைந்து கொடுப்பது அதுதான். சில கிட்டார்களில் ஒரு குறிப்பிட்ட சுரம் மட்டும் சட்டென்று அணைந்துபோகுமே, அது கழுத்தின் சொந்த அதிர்வெண்ணோடு அந்தச் சுரம் மோதும் இடம். தலையில் ஒரு சிறு கவ்வியை மாட்டினால் அந்த இடம் நகர்ந்துவிடும். வீட்டிலேயே செய்து பார்க்கலாம்.

ஆல்டர் "சமநிலை", மகாகனி "கதகதப்பு" என்ற விவரணைகளை நான் நம்புவதில்லை. பிக்கப்பை 2 மி.மீ. உயர்த்தினால் வரும் வேறுபாடு, மரத்தை மாற்றினால் வரும் வேறுபாட்டைவிட என் காதுக்குப் பெரிது. வேறு காதுகளும் இருக்கின்றன.

அப்படியானால் உடலுக்கு எதைப் பார்த்து வாங்குவது?

எடை, அழகு, வேலை செய்யும் எளிமை. இந்த வரிசையில்.

45 மி.மீ. தடித்த ஸ்ட்ராடோகாஸ்டர் வடிவ உடலில், குழிகள் வெட்டிய பிறகு சுமார் 4 லிட்டர் மரம் மிஞ்சும். ஆல்டரின் அடர்த்தி கனமீட்டருக்குச் சுமார் 450 கிலோ, உடல் 1.8 கிலோ வரும். அதே உடலைக் கடின மேப்பிளில், சுமார் 700 கிலோ அடர்த்தியில், செய்தால் 2.8 கிலோ. இரண்டு மணி நேரம் நின்று வாசிக்கும் தோளுக்கு அந்த ஒரு கிலோ நன்றாகத் தெரியும். பாஸ்வுட் இன்னும் இலேசு, ஆனால் நகம் பட்டாலே பள்ளம் விழும். திருகு பிடிப்பும் குறைவு. மகாகனி 600 அளவில் நடுவில் நிற்கிறது. சதுப்பு நில ஆஷ் இலேசாகவும் கோடுகள் அழகாகவும் இருக்கும். ஆனால் ஆஷ் மரத் துளைப்பான் வண்டின் தாக்குதலால் அது அரிதாகி, 2020இல் ஃபெண்டரே பெரும்பாலான மாடல்களில் அதைக் கைவிட்டது. தேக்கு உறுதியானது, அழகானது, ஆனால் எண்ணெய்ப் பசை உள்ளது. ஒட்டுவதற்குச் சற்று முன் பரப்பை ஆல்கஹாலால் துடைக்க வேண்டும்.

மிக இலேசான உடலும் நல்லதல்ல. கனமான ட்யூனர் ஆறு சேர்ந்தால், கையை விட்டதும் கழுத்து தரையை நோக்கிச் சாயும். தோள்வார் மாட்டும் குமிழ் பன்னிரண்டாம் பிரெட்டுக்கு நேராக வரும்படி உடலின் கொம்பு நீண்டிருந்தால் இந்தத் தொல்லை வராது.

பழைய கதவு, மேசைப் பலகையில் செய்யலாமா?

தாராளமாக. குவீன் இசைக்குழுவின் கிட்டார் கலைஞர் பிரையன் மே தன் தந்தையுடன் 1963இல் தொடங்கிச் செய்த கிட்டாரின் கழுத்து, பழைய கணப்படுப்பின் மகாகனிச் சட்டத்திலிருந்து வந்தது. அதன் அசையும் பிரிட்ஜின் சுருள்வில்கள் ஒரு பழைய மோட்டார் சைக்கிளின் வால்வு வில்கள். கிட்டார் கலைஞர் லெஸ் பால் 1940களின் தொடக்கத்தில் செய்த சோதனைக் கிட்டாரின் நடுப்பகுதி, நான்கு அங்குலச் சதுரப் பைன் கட்டை. பழைய மரத்தின் பெரிய நன்மை, அது அசைந்து முடித்துவிட்டது. ஆனால் அறுக்கும் முன் காந்தத்தால் ஒரு முறை தடவுங்கள். ஒளிந்திருக்கும் ஒரு ஆணி ரம்பத்தின் பற்களைத் தின்றுவிடும்.

பிக்கப், பொட், கப்பாசிட்டர்?

ஒற்றைச்சுருள் தெளிவாகப் பேசும், கூடவே இரையும். ஹம்பக்கர் இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்து அந்த இரைச்சலை அழிக்கிறது; கிப்சனில் சேத் லவர் 1955இல் வடிவமைத்தது அது. தேர்வு உங்கள் இசையைப் பொறுத்தது, எனக்குச் சொல்ல அதிகமில்லை. ஆனால் ஹம்பக்கர் வாங்கும்போது காந்த முனைகளின் மொத்த அகலத்தைக் கேளுங்கள்: சுமார் 50 மி.மீ., 52 மி.மீ. என இரு வகை உண்டு. உங்கள் பிரிட்ஜின் அகலத்துக்கு நெருக்கமானதை எடுங்கள்.

பொட் என்பது ஒலியளவையும் டோனையும் கூட்டிக் குறைக்கும் திருகு மின்தடை. ஒற்றைச்சுருளுக்கு 250 கிலோ ஓம் பொட், ஹம்பக்கருக்கு 500. பொட்டின் மதிப்பு குறையக் குறைய உச்ச அதிர்வெண்கள் அதன் வழியாகக் கசிந்துபோகும், ஒலி மந்தமாகும். டோன் கப்பாசிட்டர் 0.022 அல்லது 0.047 மைக்ரோ ஃபாரட். பழைய எண்ணெய்த்தாள் கப்பாசிட்டருக்குப் பெருந்தொகை கொடுப்பதை நியாயப்படுத்த எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. அந்தப் பணத்தில், இரைச்சலைத் தடுக்கக் குழிகளுக்குள் ஒட்டும் செம்புத்தகடு வாங்குங்கள். பிரிட்ஜுக்கு ஒரு தரைக்கம்பி (எர்த்) கொண்டுபோக, பூச்சு அடிக்கும் முன்பே துளை போட்டுவிடுங்கள்.

ட்யூனரும் நட்டும்?

சுருதி நிற்கவில்லை என்றால் எல்லோரும் ட்யூனரைத் திட்டுவார்கள். பெரும்பாலும் குற்றவாளி நட்தான். காடி இறுக்கமாக இருந்தால் தந்தி அதில் சிக்கி, சட்டென்று விடுபடும். முறுக்கும்போது கேட்கும் "டிக்" சத்தம் அதுதான். எலும்பு நட் நல்லது, மலிவானது, அரத்துக்கு வாட்டமானது. ட்யூனரைப் பொறுத்தவரை தண்டின் துளை விட்டத்தை மட்டும் கவனியுங்கள். பழைய பாணிக்கும் புதிய பாணிக்கும் அது வேறு.

கழுத்துத் திருகு மேப்பிளில் ஏற மறுக்கிறது, தலை முறிந்துவிடும் போலிருக்கிறது. என்ன செய்வது?

நிறுத்துங்கள். திருகைக் கழற்றி, அதன் மரைகளைத் தவிர்த்து நடுத்தண்டை மட்டும் அளந்து, அதே விட்டத்துக்குத் துளை போடுங்கள். மரையில் மெழுகோ சோப்போ தேயுங்கள். உடலில் உள்ள துளை, திருகு சுழலாமல் வழுக்கி இறங்கும் அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் உடலையும் கழுத்தையும் திருகு விலக்கியே வைத்திருக்கும், எவ்வளவு இறுக்கினாலும் இடைவெளி மூடாது. நான்கையும் பாதிவரை ஏற்றிவிட்டு, குறுக்கு மறுக்காக மாற்றி மாற்றி இறுக்குங்கள்.